அடுத்து வருவது என்னவென்று முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நேரம் பார்த்துத் தொலைக்காட்சியின் முன் அமரும் காலம் முடிந்துவிட்டது, இனி அவரவர் விரும்பிய தொடரை விரும்பிய வேளையில் தேர்ந்து பார்ப்பதுதான் வழக்கம் என்ற கருத்து, எவரும் மறுத்துப் பேச வேண்டாத ஒரு முடிபாகவே இப்போது எங்கும் சொல்லப்படுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஸ்மார்ட் டிவி இல்லாத கடைத்தெரு இல்லை என்ற நிலை வந்தபின், இக்கருத்து எங்கள் பக்கத்திலும் வேரூன்றிவிட்டது. ஆனால் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பிய நிறுவனங்களே, தேர்ந்து பார்க்கும் முறைக்குப் பக்கத்தில், இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் அலைவரிசைகளையும் திறந்து வருகின்றன. இரண்டில் எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு முக்கியமான கேள்வி விடுபட்டுப் போவதாக எனக்குப் படுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2007 இல் இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியது; 2013 இல் ஒரு தொடரின் எல்லா அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டு, வாரந்தோறும் காத்திருக்கும் பழக்கத்தை உடைத்தது; 2016 ஜனவரியில் இலங்கை உட்பட ஏறத்தாழ 130 நாடுகளுக்குத் தன் சேவையை ஒரே நாளில் விரித்தது. அதே நிறுவனம் 2020 நவம்பரில் பிரான்ஸில் ‘டிரெக்ட்’ என்ற பெயரில், பழைய தொலைக்காட்சியைப் போலவே நிகழ்ச்சி நிரலின்படி ஓடும் ஓர் அலைவரிசையைப் பரீட்சித்துப் பார்த்தது. என்ன பார்ப்பது என்று முடிவெடுக்கும் வேலை தங்களுக்கு வேண்டாம் என்று நினைக்கும் பார்வையாளர் பலர் இருக்கிறார்கள் என்பதே அதற்கு அந்நிறுவனம் சொன்ன காரணம். 2025 ஜூனில், பிரான்ஸின் பெரிய தனியார் தொலைக்காட்சியான டிஎஃப்1 இன் நேரடி அலைவரிசைகளைத் தன் தளத்துக்குள்ளேயே கொண்டுவரும் உடன்பாட்டையும் அது அறிவித்தது. அமெரிக்காவில், கட்டணமின்றி விளம்பரத்தோடு நூற்றுக்கணக்கான ஓயாத அலைவரிசைகளைத் தரும் புளூட்டோ டிவியை 2019 இல் வயாகொம் நிறுவனம் 340 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மறு ஆண்டே டூபி என்ற சேவையை ஃபொக்ஸ் 440 மில்லியன் டொலருக்கு வாங்கியது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளவிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 மே மாதத்தில் அமெரிக்கர் தொலைக்காட்சி பார்த்த நேரத்தில் புளூட்டோ, டூபி, இதே வகைச் சேவையான ரோக்கு சனல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 5.7 சதவீதம் கிடைத்தது. இந்த மூன்றிலும் தேர்ந்து பார்க்கும் வசதியும் உண்டு என்பதால், அந்த 5.7 சதவீதம் முழுவதையும் ஓயாத அலைவரிசைகளின் கணக்கில் எழுதுவது சரியாகாது. இருந்தாலும், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு எவரும் இவ்வளவு பணம் கொட்டமாட்டார்கள் என்பது தெளிவு.

ஓயாத அலைவரிசை என்பது எவ்வாறு இயங்குகிறது என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. அதற்குக் கலையகம் இல்லை, அறிவிப்பாளர் இல்லை, அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருந்து பொத்தானை அழுத்தும் ஆளும் இல்லை. முன்னமே தயாரித்து வைத்த கோப்புகளை ஒரு பட்டியலாக அடுக்கி, அவற்றைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக இணையத்தில் அனுப்பிக்கொண்டேயிருப்பதுதான் வேலை. இடையில் வரும் விளம்பரத்தையும் கணினியே ஒட்டிவிடுகிறது. ஒரே நிமிடத்தில் ஒரே அலைவரிசையைப் பார்க்கும் இரு வீடுகளில் இருவேறு விளம்பரங்கள் ஓடலாம். ஒரே தொடரை மட்டும் இருபத்துநான்கு மணிநேரமும் சுழற்றிக்கொண்டிருக்கும் அலைவரிசைகள்கூட உண்டு. புதிதாகத் தயாரிக்க வேண்டியது எதுவும் இல்லாததால் செலவு குறைவு. நிறுவனங்களின் ஆர்வத்துக்கு அதுவே பெரும் காரணம். யூடியூபில் இரவு பகலாக ஓடும் பக்திப் பாடல், சிறுவர் படம், பழைய நகைச்சுவைத் துணுக்கு ஆகிய தமிழ் ஓடைகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இவற்றை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள், எங்கள் வீடுகளின் மண்டபத்தில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். தேர்ந்து பார்க்கும் செயலியைத் திறந்தால் முதலில் யார் பார்ப்பது என்று கேட்கும்; பிறகு வரிசை வரிசையாகப் படங்கள் நிற்கும்; தமிழ்ப் படத்தின் பெயர்கூடப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்; தேட வேண்டுமென்றால் ரிமோட்டின் அம்புக்குறியால் எழுத்து எழுத்தாகக் கூட்ட வேண்டும். வீட்டிலுள்ள பெத்தாவால் இதைச் செய்ய முடியாது. பேரப்பிள்ளை பாடசாலை விட்டு வரும் வரை காத்திருப்பது ஒன்றே அவருக்கு வழி. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலைவரிசைக்கு அவர் எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மகன் கட்டாரிலும் மகள் கொழும்பிலும் இருக்க, நாள் முழுதும் தனித்திருக்கும் முதியவர்களுக்கு, வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு துணை. இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவையை இப்படித்தான் ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்தது; எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைத் தேடிப்பிடித்து எவரும் இயக்கவில்லை, வானொலியை முடுக்கினால் அவர் அங்கே இருந்தார். குடும்பமாகப் பார்ப்பதற்கும் இது பொருந்தும். நால்வர் கூடித் தெரிவு செய்ய வேண்டியிருக்கும் வீட்டில், சோறு ஆறும்வரை தெரிவுதான் நடக்கும். கடைசியில் ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு நாலு மூலைக்குப் பிரிந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்க் கூத்தை நினைத்துப் பார்த்தால் இது புதிதாகவும் தோன்றாது. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தில் எதுவானாலும், விடிய விடிய ஆடப்படும்போது, வட்டக்களரியைச் சுற்றியிருந்த சனம் முழுவதும் முதல் விருத்தத்திலிருந்து இறுதி வரை கண்கொட்டாமல் பார்த்ததில்லை. பாய் விரித்துப் படுப்பவர்கள் படுத்தார்கள். நடுச்சாமத்தில் விழித்து எந்த வரவு நடக்கிறது என்று கேட்டார்கள். வயலில் காவலை முடித்துப் பிந்தி வந்தவர்களும் இடையில் சேர்ந்துகொண்டார்கள். பாரதக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் எந்த இடத்தில் நுழைந்தாலும் பொருள் கெடவில்லை. ஓயாத அலைவரிசைக்கு எது ஏற்றது, எது ஏலாது என்பதற்கு இதுவே அளவுகோல் என்பேன். ஒவ்வோர் அத்தியாயமும் தனித்து நிற்கும் நகைச்சுவைத் தொடர், சமையல், பாட்டு, பழைய நாடகம் ஆகியவற்றில் இடையில் நுழையலாம். முதல் அத்தியாயத்தில் நடந்த கொலைக்குப் பத்தாவது அத்தியாயத்தில் விடை வரும் துப்பறியும் தொடரை இப்படி ஓடவிடுவது பார்ப்பவரைப் பரிகசிப்பதற்கு ஒப்பாகும். கூத்தில் இன்னொன்றும் உண்டு. அன்றிரவு எந்தக் கூத்து என்பது ஊருக்கு முன்னமே தெரியும். அதைப் பழக்கிய அண்ணாவியார் யார் என்பதும் தெரியும். ஆட்டம் பிசகினால் மறுநாள் அவரிடமே நேரில் கேட்கவும் முடியும்.

அதற்காகத் தேர்ந்து பார்க்கும் முறையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. அது எங்களுக்கு அந்நியமானதும் அன்று. ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில் தொலைக்காட்சியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்குக் கொண்டுவந்து, விரும்பிய மூன்று படங்களை விடியும் வரை போட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். கசெட் கடைக்காரரிடம் படத்தின் பெயரைச் சொல்லி வாங்கியதும் தெரிவுதான். இன்றும் அதன் தேவை பெரிது. இரவு முழுவதும் வாவியிலோ கடலிலோ தொழில் செய்துவிட்டுக் காலையில் கண்ணயர்பவருக்கும், வைத்தியசாலையில் இரவுக்கடமை செய்யும் தாதிக்கும், வெட்டுக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் பொழுது பட்டபின்னும் நிற்பவருக்கும், எட்டு மணிக்கு ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி என்பது இல்லாத நிகழ்ச்சியே. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, நிரலின்படி ஓடிய எதுவும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு பாடத்தை நிறுத்தி, திரும்பவும் பார்க்க வேண்டுமானால் அதற்கும் இந்த முறைதான் உதவும். ஆகவே இரண்டில் ஒன்றை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

விடுபட்டுப் போகும் கேள்வி என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது, அடுக்குபவர் யார் என்பதைத்தான். ஓயாத அலைவரிசையில் பிறர் அடுக்கியதை நாம் பார்க்கிறோம், மற்றதில் நாமே தெரிவு செய்கிறோம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில், செயலியைத் திறந்ததும் முதல் வரிசையில் எந்தப் படம் நிற்க வேண்டும், இரண்டாவது வரிசைக்கு என்ன தலைப்பு, ஒரே படத்துக்கு எந்த முகத்தைக் காட்டினால் இந்த ஆள் அழுத்துவார் என்பதையெல்லாம் நிறுவனத்தின் கணினியே முடிவு செய்கிறது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும் ஏற்பாட்டை நெட்பிளிக்ஸ் 2012 இலேயே கொண்டுவந்துவிட்டது. யூடியூபும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தது. பெட்டியின் முன் அமர்ந்தவர் எழும்பாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம் என்பதை அவர்களும் மறைக்கவில்லை; தங்கள் போட்டியாளர் உறக்கம்தான் என்று நெட்பிளிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017 இல் வெளிப்படையாகவே சொன்னார். முதல் அத்தியாயத்தை மட்டும் நாம் தேர்கிறோம். இரண்டாவதிலிருந்து அதுவும் ஓர் ஓயாத அலைவரிசைதான்.

இந்த இரு அடுக்கல்களுக்கும் இடையில் ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் ஒன்று. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பார்க்கத் தகாததைப் போட்டார்கள், தமிழுக்கென ஒதுக்கிய நேரத்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒரே படத்தை மாதம் இருமுறை ஓட்டுகிறார்கள் என்று வாசகர்கள் இதே பகுதிக்கு எழுத முடிந்தது, எல்லோரும் ஒன்றையே பார்த்தார்கள் என்பதால்தான். ஆளுக்கு ஆள் மாறும் முதற்பக்கத்தைப் பற்றி அப்படி எழுத முடியாது. எனக்குக் காட்டியது என் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. நேற்றுக் காட்டியது இன்று இருக்காது. எவரும் காணாத அடுக்கலை எவரும் கண்டிக்க முடியாது. தமிழ் நிகழ்ச்சிகள் எத்தனையாவது வரிசையில் தள்ளப்படுகின்றன என்பதைக்கூட நாம் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒழுங்காக நடத்தப்படும் ஓயாத அலைவரிசையை நான் ஒரு படி மேலே வைக்கிறேன். ஆனால் ஒழுங்காக நடத்துவது என்பதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன.

அவற்றுள் எங்கள் மாவட்டங்களுக்கு மிக அவசியமானதை விரித்துச் சொல்ல வேண்டும். கணினி அடுக்கிய அலைவரிசைகள் பார்வைக்கு நேரடி ஒளிபரப்பைப் போலவே இருக்கின்றன. மூலையில் சிவப்பு நிறத்தில் நேரலை என்ற குறியும் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே ஓடுவதோ சில ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்யப்பட்டதாக இருக்கலாம். கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு சிறு எரிச்சலாகத் தோன்றலாம். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியை நேரில் கண்டவர்களும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் கடல் உள்ளே வந்ததைக் கண்டவர்களும் வாழும் கரை இது. வடகீழ்ப் பருவமழை தொடங்கி வாவி நிரம்பி வீதிகள் தடைப்படும் நாட்களில், தொலைக்காட்சியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஆபத்தென்றால் சொல்வார்கள்தானே என்ற நம்பிக்கையில் ஒரு வீடு உறங்கப் போகிறது. பழைய தொலைக்காட்சியில் அந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. செய்தி ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார், படத்தை நிறுத்தி அறிவித்தல் கொடுக்க அவரால் முடிந்தது. இங்கே அப்படி எவரும் இல்லை. வெள்ளம் வாசலுக்கு வந்தாலும் நகைச்சுவைக் காட்சி சிரித்துக்கொண்டேயிருக்கும். எனவே இலங்கைக்குள் இயங்கும் எந்த ஓயாத அலைவரிசையும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கத்தையும் திரையின் அடியில் தமிழில் ஓடவிடும் ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். பதிவு செய்த எதன்மீதும் நேரலை என்ற குறி இருத்தலாகாது. கணினி விளம்பரத்தை இடையில் ஒட்ட முடிகிறதென்றால் எச்சரிக்கையையும் ஒட்ட முடியும். தொழில்நுட்பம் இடந்தராது என்ற பதிலை ஏற்க முடியாது.

செலவு பற்றியும் ஒன்று. கூரையில் கட்டிய அன்ரனாவுக்கு வரும் ஒளிபரப்பை ஒரு வீடு பார்த்தாலும் ஓராயிரம் வீடுகள் பார்த்தாலும் அனுப்புவது ஒருமுறைதான். பார்ப்பவருக்குச் செலவு மின்கட்டணம் மட்டுமே. இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பிரதி போக வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு மணிநேரத்துக்குச் சுமார் ஒரு ஜீபியும், எச்டி தரத்தில் மூன்று ஜீபி வரையும் செலவாகும் என்று நெட்பிளிக்ஸே சொல்கிறது. நாளுக்கு ஆறு மணிநேரம், ஆளில்லாத மண்டபத்தில் எச்டியில் ஓடிக்கொண்டிருந்தால் மாதமுடிவில் ஐந்நூறு ஜீபியைத் தாண்டிவிடும். கட்டணமில்லாச் சேவை என்று விளம்பரம் செய்யப்படுவதன் கட்டணம் ரவுட்டரின் பக்கமாக வந்து சேர்கிறது. குறைந்த தரத்தைத் தெரிவு செய்யும் பொத்தானைத் திரையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பது பெரிய காரியம் அன்று.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும் ரூபவாஹினி 1982 இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அன்றுமுதல் அரச செலவில் தயாரிக்கப்பட்ட தமிழ் நாடகங்கள், நேர்காணல்கள், இசை நிகழ்ச்சிகள், சிறுவர் நிகழ்ச்சிகள் ஆகியவற்றுள் எவை இன்று களஞ்சியத்தில் இருக்கின்றன என்ற பட்டியலை இந்த இரு நிறுவனங்களும் வெளியிட வேண்டும். பிறகு அவற்றைக் கொண்டு ஓர் ஓயாத தமிழ் அலைவரிசையை இணையத்தில் நடத்த வேண்டும். அரச தமிழ் அலைவரிசைகளான நேத்ராவும் 2009 இல் தொடங்கிய வசந்தமும் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். அவை அன்றாடச் செய்திக்கும் புதிய நிகழ்ச்சிக்கும் உரியவை. நான் கேட்பது, கோப்பாக உறங்கும் பழையவற்றை ஓடவைக்கும் அலைவரிசையை. மேலே சொன்னபடி அதற்குப் புதுத் தயாரிப்புச் செலவு இல்லை. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்றவற்றோடு சேர்ந்து, கிழக்கின் கூத்துப் பதிவுகளுக்கு இரவில் ஒரு நேரத்தை ஒதுக்கலாம். விடிய விடிய ஆடும் கூத்தை வெட்டாமல் முழுமையாக ஒளிபரப்ப, நேரத்துக்குப் பஞ்சமில்லாத இப்படிப்பட்ட அலைவரிசையை விட்டால் வேறு இடம் இல்லை.

அதேவேளை, அலைவரிசையில் ஓடிய ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதே இடத்தில் தனியாகவும் கிடைக்க வேண்டும். இடையில் நுழைந்தவர் விரும்பினால் முதலிலிருந்து பார்க்க ஒரு பொத்தானும், தவறவிட்டவர் மறுநாள் தேடிப் பார்க்க ஒரு தமிழ் எழுத்துத் தேடலும் இருந்தால், கடலுக்குப் போனவரும் பெத்தாவும் ஒரே நாடகத்தைப் பார்த்திருப்பார்கள். நிரலைத் தயாரிக்கும் பொறுப்பாளரின் பெயரும் பதவியும் அந்த இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கான நிரல் முன்கூட்டியே வெளியாக வேண்டும். வெளியான பின் மாற்றினால் மாற்றிய காரணத்தையும் சொல்ல வேண்டும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலுக்கு முன்பு பத்திரிகைகளில் கிடைத்த இடம், எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறது என்ற எண்ணத்தால் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் தேடத் தெரியாதவர்களே இன்று பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவர்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வார இதழில் அரைப்பக்கம் ஒதுக்கி, தமிழ் அலைவரிசைகளின் நிரலை மீண்டும் அச்சிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியின் பக்கத்திலும் அது புதியதா, மறுஒளிபரப்பா, நேரலையா என்று ஒரு குறியிட்டால் போதும். அந்தக் குறிக்கு மாறாக எதுவும் ஓடினால் எழுதுவதற்கு வாசகர்கள் இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.